ஓய்வு பெற்ற கைகளுக்கு ஒரு புது வேலை



"சும்மா இருப்பது சுகம்" என்று சொல்வார்கள். நாற்பது ஆண்டுகள் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பழகிய ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். சும்மா இருப்பதைப் போன்ற சங்கடம் வேறில்லை என்பார். ஓய்வு பெற்ற பிறகும் உடம்பு பழைய நேரத்துக்கே விழித்துக்கொள்கிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். பகல் முழுவதும் தொலைக்காட்சியும் வாசற்படியுந்தான் துணை. 2013 ஜூலை முதல் நம் நாட்டில் தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அதன் பின்னும் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழ்கிறவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. அத்தனை காலத்தையும் வாசற்படியிலேயே கழித்துவிடலாமா?

அத்தகைய பெரியவர்களுக்கு ஏற்ற ஒரு பொழுதுபோக்கைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். அது சொந்தமாக வீடியோப் படம் எடுப்பது. "அதெல்லாம் பட்டணத்துப் பணக்காரர்களுக்கு!" என்று புரட்டிவிடாதீர்கள். இதற்கென்று சேமநிதிப் பணத்தில் கை வைக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் புதுக் கைப்பேசி வாங்கிய பின் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கும் பழைய கைப்பேசியே போதும்.

முதல் படமே தொழிலாளர் படந்தான்

பிரான்சு நாட்டின் லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28-ஆம் நாள் பாரிஸ் நகரில் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குப் படம் காட்டினார்கள். அன்று காட்டியவை பத்துச் சிறு படங்கள். அவற்றுள் ஒன்றில் என்ன இருந்தது தெரியுமா? வேலை முடிந்து தொழிற்சாலைக் கதவு வழியாக வெளியே வரும் தொழிலாளர்கள்! மற்றொன்று, ஒரு குழந்தைக்குப் பெற்றோர் உணவூட்டும் காட்சி. அந்தத் தகப்பனார் லூமியேர் சகோதரர்களில் ஒருவர். படம் பிடித்தவர் மற்றவர். ஒவ்வொரு படமும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. கருவியை ஓரிடத்தில் நிறுத்தினார்கள், அசைக்கவில்லை, அவ்வளவுதான். நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வேலை முடிந்து வரும் மக்களும் சோறு உண்ணும் குழந்தையும் நம்மிடம் இல்லையா? அப்படியானால் படத்துக்குப் பொருளும் நம்மிடமே இருக்கிறது.

எதைப் படம் எடுப்பது?

உங்களுக்குத் தெரிந்ததை எடுங்கள். பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. பால் மரம் வெட்டிய பாட்டியின் பேரனுக்கு உளி என்றால் என்னவென்று தெரியாது. ஒட்டுப்பால் என்றால் ஏதோ தின்பண்டம் என்று நினைக்கிறான். வகுப்பறையில் நான் இதை அடிக்கடி பார்க்கிறேன். பாடப்புத்தகத்தைக் கொண்டு ஓரளவுதான் விளக்க முடிகிறது. அந்த வேலையைச் செய்த கைகளைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

மரம் வெட்டுவதைப் பற்றி ஐந்து நிமிடப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு பள்ளிப் புத்தகத்தில் காட்சிகளை வரிசையாக எழுதுங்கள். தோட்டத்துச் சாலையின் பொதுத் தோற்றம், உளியைத் தீட்டும் கைகள், ஒட்டுப்பாலை உரித்தெடுப்பது, உளி பட்டையைச் சீவிக்கொண்டு வருவது, முதல் சொட்டுப் பால் வழிந்து மங்கில் விழுவது, கடைசியாக வெட்டுபவரின் முகம். தூரம், நடுத்தரம், கிட்டம் என்று இந்த மூன்று அளவுகளையும் மாற்றி மாற்றி எடுத்தால் பார்ப்பவர்களுக்கு அலுப்புத் தட்டாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. குளிர்ச்சியான வேளையில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டிலேயே வெட்டத் தொடங்கிவிடுவார்கள். கருவிக்கோ வெளிச்சம் வேண்டும். இருட்டில் எடுத்தால் படம் புள்ளி புள்ளியாக விழும். நம் நாட்டில் ஏழு மணிக்கு மேல்தான் போதிய வெளிச்சம் வருகிறது. ஆகவே கடைசி நிரை வெட்டும் நேரத்துக்குப் போங்கள். தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

சில எளிய விதிகள்

கைப்பேசியின் கண்ணாடியை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். கருவியைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். சன்னலுக்கு முன்னால் ஆளை உட்கார வைத்தால் முகம் கறுத்துவிடும். ஒவ்வொரு காட்சியையும் பத்து விநாடியாவது அசையாமல் எடுங்கள். வயதானால் கை நடுங்குவது இயற்கை, வெட்கப்பட ஒன்றுமில்லை. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளலாம். கைப்பேசியை ஒரு பால்மாவு டின்னின் மேல் சாய்த்தும் வைக்கலாம்.

ஒலியில் கவனம் தேவை. படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். பேசுபவருக்கு ஒரு கை தூரத்தில் கருவி இருக்கட்டும்.

எடுத்த பின் வெட்டித் தொகுக்க வேண்டும். அதற்கான வசதி கைப்பேசியிலேயே இருக்கிறது. அரை மணி நேரம் எடுத்தால் ஐந்து நிமிடம் தேறும். களை பிடுங்கத் தெரிந்தவர்களுக்கு இது கடினமான வேலையன்று.

பெரியவர்களின் குரல்

இந்தியாவிலிருந்து நம்மவர்களை ஏற்றி வந்த ரஜூலா கப்பலின் ஓட்டம் 1973-இல் நின்றது. அந்தக் கடைசி ஆண்டில் பத்து வயதுப் பிள்ளையாக வந்து இறங்கியவருக்கே இன்று அறுபதுக்கு மேல். தாய் தகப்பன் கையைப் பிடித்து அதற்கு முன்னே வந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்? எண்ணிப் பாருங்கள்! அவர்கள் போய்விட்டால் அந்தக் கதையும் அவர்களோடு போய்விடும்.

ஆகவே அவர்களை உட்கார வைத்துப் பேசச் செய்யுங்கள். "அந்தக் காலம் நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பதோடு நின்றுவிடும். "முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்?", "ஆயாக் கொட்டகையில் யார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள்?", "கப்பலில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இடையில் மௌனம் வந்தாலும் அவசரப்படாதீர்கள். அதற்குப் பிறகுதான் நல்ல செய்தி வரும்.

என் பள்ளி மாணவன் ஒருவனின் தாத்தா தம் மனைவியை இப்படிப் படம் எடுத்தார். அந்தப் பாட்டி சிறு வயதில் தம்பியை முதுகில் சுமந்துகொண்டு வெளிக்காட்டு வேலைக்குப் போன கதையைச் சொன்னார். "ஐம்பது வருசம் சேர்ந்து வாழ்ந்தேன் சார், இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை" என்றார் பெரியவர். "நீங்கள் கேட்டீர்களா?" என்றேன். சிரித்துக்கொண்டார். மறு ஆண்டு பாட்டி காலமானார். இன்று அந்தப் பன்னிரண்டு நிமிடப் படந்தான் அந்தக் குடும்பத்தின் சொத்து.

அலமாரியில் கிடக்கும் கேசட்டுகள்

1980-களில் எடுத்த திருமண வீடியோக் கேசட்டுகள் உங்கள் அலமாரியில் இருக்கின்றனவா? அவற்றை உடனே கவனியுங்கள். வி.எச்.எஸ். முறையை ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976-இல் கொண்டுவந்தது. அதைப் போட்டுப் பார்க்கும் கருவியைக் கடைசியாகச் செய்துவந்த ஃபூனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. கருவிகள் குறைந்துகொண்டே வருகின்றன. நம் நாட்டு ஈரக்காற்றில் நாடாவும் பூஞ்சை பிடிக்கிறது. நாடாச் சுருளில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அதைக் கருவியில் போடாதீர்கள். நாடாவும் கெடும், கருவியும் கெடும். மாற்றித் தரும் கடையில் காட்டுங்கள். நல்ல நிலையில் உள்ளதை ஒரு சிறு இணைப்புக் கருவியின் உதவியால் வீட்டுக் கணினியிலேயே ஏற்றலாம். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். ஓய்வு பெற்றவரிடம் நேரத்துக்கா பஞ்சம்?

புதிதாக எடுப்பதையும் பத்திரப்படுத்த வேண்டும். தெளிவான படம் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 100 மெகாபைட் இடம் பிடிக்கும். 64 கிகாபைட் அட்டையில் ஏறத்தாழ பத்து மணி நேரம் அடங்கும். எதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மூன்று படிகள் எடுத்து, அவற்றுள் ஒன்றை வேறு ஊரிலுள்ள மகள் வீட்டில் வைத்துவிடுங்கள்.

மரியாதை முக்கியம்

கேட்காமல் யாரையும் படம் பிடிக்காதீர்கள். துக்க வீட்டிலும், பெண்கள் துவைக்குமிடத்திலும், குடித்துவிட்டுத் தடுமாறுபவர் முன்னும் கருவியை எடுக்காதீர்கள். எடுத்ததை ஊருக்கெல்லாம் அனுப்புமுன், படத்தில் இருப்பவருக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள். அவர் வேண்டாமென்றால் நீக்கிவிடுங்கள். பிறர் பிள்ளைகளைப் பெற்றோர் சம்மதமின்றி எடுக்கவே கூடாது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவோ அம்மாவோ கைப்பேசியை நீட்டி, "இது எப்படி, சொல்லிக்கொடு" என்று கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு அ, ஆ எழுதக் கை பிடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நான்கு முறை சொன்னதை ஐந்தாம் முறையும் சிரித்த முகத்தோடு சொல்லுங்கள்.

பெரியவர்களே, பெரிய படமாக எடுக்க வேண்டுமென்று காத்திருக்காதீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சமையலறையில் தொடங்குங்கள். அம்மியில் சம்பல் அரைக்கும் உங்கள் துணைவியாரின் கைகளை ஒரு நிமிடம் எடுங்கள். எந்த மிளகாய், எவ்வளவு உப்பு என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். பேரப்பிள்ளைகள் என்றாவது ஒருநாள் அதைத் தேடுவார்கள். அப்போது அது கிடைக்க வேண்டும்.