டீக்கடை வடையும் இதயமும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து மண்ணூர்பேட்டை பக்கம் நடந்தால், டீக்கடை வடை வாசம் காலைக் கட்டிப்போடும். வடையைவிட, அது வேகும் எண்ணெய்தான் இதயத்துக்கு ஆபத்து.

ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு கூடும். இது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதைக் குறைத்து, ரத்தக்குழாய் அடைப்புக்கு வழிவகுக்கும். எண்ணெயிலும் வனஸ்பதியிலும் இது 2 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2022 முதல் இந்தியாவில் விதி.

வாணலி எண்ணெய் கறுத்து நுரைத்தால், அந்தக் கடையைத் தாண்டிவிடுங்கள். வடைக்குப் பதில் சுண்டல் சாப்பிடலாம். அதன் நார்ச்சத்து கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும்.

வீட்டில் ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்தான் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நெஞ்சு வலித்தால் ‘கேஸ்தான்’ என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்!