சேற்றுத் தடமும் பலகைத் தடமும்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்துக்கு மேற்கே, வீடுகள் முடிகிற இடத்திலேயே வைட்டாக்கரே மலைத்தொடர் தொடங்கிவிடுகிறது. உயரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை; மிக உயர்ந்த முகடே 474 மீட்டர்தான். ஆனால் டாஸ்மன் கடலிலிருந்து வரும் மேகம் முதலில் முட்டுவது இந்த முகடுகளில். நகரத்துக்குள் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்தால் இங்கே 2,000-ஐத் தாண்டும். காலடியில் இருப்பதோ பழைய எரிமலைப் பாறை உளுத்து உண்டான களிமண். அதனால் ஒரு நூற்றாண்டுக் காலம் ஆக்லாந்துக்காரர்களுக்குக் காட்டு நடை என்றால் சேற்று நடை என்றே பொருள்.

இந்தத் தடங்களில் பலவற்றை நடப்பதற்கென்று யாரும் போடவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கௌரி என்ற உள்நாட்டுப் பெருமரத்துக்காக வந்தவர்கள் ஓடைகளின் குறுக்கே மரத்தாலேயே அணை கட்டி, வெட்டிய அடிமரங்களைத் தேக்கி, ஒரே நேரத்தில் மடை திறந்து வெள்ளத்தோடு கீழே உருட்டிவிட்டார்கள். அவர்கள் ஏறி இறங்கிய வழிகளும் மரம் இழுக்கப் போட்ட சிறு தண்டவாளங்களும் பின்னாளில் தடங்கள் ஆயின. பிறகு நகரத்துக்குக் குடிநீர் தேவைப்பட்டது. 1910-இல் வைட்டாக்கரே அணை, 1923-இல் மேல் நிஹோதுப்பு, 1929-இல் மேல் ஹூயா என்று அணைகள் எழுந்தன. குழாய் போன வழியும் ஒரு தடமானது. ஒருகாலத்தில் நாட்டின் வடபகுதியில் ஏறத்தாழ 12 லட்சம் ஹெக்டேரில் நின்ற கௌரிக் காட்டில், கோடாலி படாமல் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 7,500 ஹெக்டேர். வைட்டாக்கரேயில் தப்பிய மரங்கள் பெரும்பாலும் இழுத்து வர முடியாத பள்ளங்களில் நின்றவை.

நடப்பதற்காகவே நடந்தவர்கள் அதற்குப் பிறகு வந்தார்கள். ஆக்லாந்து டிராம்பிங் கிளப் 1925-இல் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி சுவான்சனிலோ வைட்டாக்கரே நிலையத்திலோ இறங்கி, கம்பளிச் சட்டையும் ஆணி அடித்த தோல் காலணியுமாகக் காட்டுக்குள் புகுந்து, இருட்டுவதற்குள் வேறொரு நிலையத்துக்கு வந்து சேர்வது அந்தக் காலத்து வழக்கம். கையில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்று வரைந்த வரைபடம். இன்று 1-க்கு 50,000 அளவிலான வரைபடம் கைபேசியிலேயே வந்துவிட்டது. நிற்கும் இடத்தை நீலப் புள்ளி காட்டிக்கொடுக்கிறது. ரயில் மட்டும் பின்வாங்கிவிட்டது. 2015-இல் மின்ரயில் வந்தபோது சேவை சுவான்சனோடு நின்றது. வைட்டாக்கரே நிலையத்தில் இப்போது பயணிகள் ரயில் நிற்பதில்லை.

பழைய முகட்டுத் தடத்தில் நடப்பது எப்படி இருந்தது என்று, நடந்து பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். முகட்டின் மேல் மண் ஆழமில்லை. வேர்கள் வெளியே கிடக்கும். மழைக்காலத்தில் வேருக்கும் வேருக்கும் நடுவே கணுக்கால் வரை, சில இடங்களில் முழங்கால் வரை சேறு. நனைந்த வேரில் கால் வைத்தால் வழுக்கும். சேற்றில் வைத்தால் காலணியைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே எல்லோரும் செய்தது ஒன்றுதான்: சேற்றைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போனார்கள். அந்த ஓரமும் சில வாரங்களில் சேறாகும். அடுத்து வருகிறவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவார். இப்படியே ஓரடித் தடம் பத்தடி அகலமாகி, பெரிய கௌரி மரத்தின் அடிவரை போய் நின்றது. அதில் யாரும் தவறு காணவில்லை. வீடு திரும்பும்போது காலணியில் எவ்வளவு சேறு அப்பியிருக்கிறதோ அவ்வளவுக்கு நல்ல நடை என்றுதான் எல்லோரும் எண்ணினோம்.

கௌரியின் உணவு உறிஞ்சும் வேர்கள் மயிர்போல மெல்லியவை. அவை மண்ணின் மேற்பரப்பிலேயே, கிளைகள் விரிந்த எல்லைக்கு வெளியிலும் படர்ந்திருக்கும். ஆயிரம் ஆண்டு நிற்கக்கூடிய மரத்தின் உயிர் நம் காலணிக்கு அடியில் இருக்கிறது என்பதைப் பல தலைமுறைகள் நினைத்துப் பார்க்கவில்லை. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் அந்த வேர்களைத் தின்று மரத்தைப் பட்டினி போட்டுக் கொல்கிறது. இலை மஞ்சளாகும், உச்சி மெலியும், அடிமரத்தில் பிசின் வடியும், கடைசியில் வெள்ளை எலும்பாக நிற்கும். வைட்டாக்கரேயில் இந்த நோய் 2006-இல் உறுதியானது. 2015-இல் நோய்க்கிருமிக்கு ஃபைட்டோஃப்தோரா அகாதிடிசிடா என்று முறையான பெயர் வந்தது. ஈர மண்ணில் நீந்தி வேரைத் தேடிப் போகும் வித்துகள் ஒருவகை. தடித்த ஓட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கும் வித்துகள் இன்னொரு வகை. குண்டூசித் தலை அளவு மண் ஒட்டியிருந்தால் போதும், நோய் அடுத்த பள்ளத்தாக்குக்குப் பயணமாகிவிடும்.

2017-இல் வெளியான அறிக்கை அதுவரை இருந்த மனநிலையைக் குலைத்தது. ஐந்து ஆண்டுகளில் வைட்டாக்கரேயின் பெரிய கௌரித் திட்டுகளில் நோய் தொட்ட பரப்பு 8 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாகக் கூடியிருந்தது. நோயுற்ற இடங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் தடங்களிலிருந்து 50 மீட்டருக்குள் இருந்தன. காட்டுப் பன்றிகளுக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், இந்த எண்ணைப் படித்த நடைக்காரர்களுக்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று, இந்த நிலத்தின் பூர்வ குடிகளான தே கவேரௌ ஆ மாகி மக்கள் காட்டின் மீது ராஹுயி விதித்தார்கள். ஓரிடத்தைத் தேற விடுவதற்காக மனிதக் காலடி படாமல் விலக்கி வைக்கும் மாவோரி மரபு அது. சட்டத்தின் பலம் அதற்கு இல்லை. மாநகராட்சி தயங்கியது, சிலர் மதித்து நின்றார்கள், சிலர் நடந்துகொண்டே இருந்தார்கள். 2018 மே 1 முதல் காட்டுப் பகுதியை மாநகராட்சியும் மூடியது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரியின் பெயரில் 2010-இல் திறந்த, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுள்ள நான்கு நாள் நடைவழியும் அதோடு துண்டுபட்டது. மூடியது சரி என்பதே என் எண்ணம். இன்னும் சில ஆண்டுகள் முன்பே மூடியிருக்க வேண்டும்.

பிறகு திறந்த தடங்கள் வேறு தடங்கள். முன்பு சேறு இருந்த இடத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிய சரளைக்கல்லை மரச்சட்டத்துக்குள் கெட்டித்திருக்கிறார்கள். கௌரி வேர் குறுக்கிடும் இடங்களில் பலகைப் பாதை தரையைத் தொடாமல் மேலே போகிறது. மனுகௌ துறைமுக வாய்க்கு மேலே, இரண்டு பக்கமும் சரிவாக இறங்கும் ஓமனவானுய் முகட்டில்கூட இப்போது படிக்கட்டு. ஒவ்வொரு நுழைவிலும் காலணி கழுவும் நிலையம். முதலில் அடிப்புறத்தைத் தூரிகையில் தேய்த்து மண் முழுவதையும் உதிர்க்க வேண்டும்; பிறகு மிதிபலகையில் ஏறினால் கீழிருந்து கிருமிநாசினி பீய்ச்சும். வரிசை மாறினால் பயனில்லை, ஒட்டியிருக்கும் மண்ணைத் துளைத்து மருந்து உள்ளே போகாது. திரும்பி வரும்போதும் இதே சடங்கு. குழந்தைகள் இதை அலுக்காமல் செய்கிறார்கள். பொறுமையற்று முனகுவது பெரும்பாலும் என் வயதுக்காரர்கள்.

இந்த மாற்றத்தில் வரவு உண்டு. முன்பு இந்த முகடுகளில் காலில் வலுவுள்ளவர்களை மட்டுமே பார்க்கலாம். இன்று பலகைப் பாதையில் புடவை கட்டிய பாட்டிகளும் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்ட தாய்மாரும் பெருமரத்தின் முன்னால் வந்து நிற்கிறார்கள். 2021-இல் நடந்த விரிவான கணக்கெடுப்பு நோய்க்கிருமியைப் பெரும்பாலும் மலைத்தொடரின் ஓரங்களில்தான் கண்டது. நடுக்காட்டில் காக்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது என்று அதற்குப் பொருள். நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை. பாஸ்பைட் என்ற உப்பை அடிமரத்தில் ஊசி போட்டுச் செலுத்தினால் நோயின் வேகம் குறைகிறது, அவ்வளவே.

செலவும் உண்டு, அதைச் சின்னதாகச் சொல்ல எனக்கு மனமில்லை. நான்கைந்து தடங்களைக் கோத்து ஒரு நாள் முழுக்கச் சுற்றி வரும் நடை இங்கே போய்விட்டது. இப்போது போன வழியே திரும்புவதுதான் அதிகம். மூடுபனியில் எந்தக் கிளைமுகட்டில் இறங்க வேண்டும் என்று கண்டுகொள்வது, ஆற்றின் நிறத்தைப் பார்த்து மேலே பெய்த மழையை அளப்பது, களைத்தவரின் நடை மாறுவதைப் பின்னாலிருந்து கவனிப்பது போன்றவற்றைப் பலகை கற்றுத்தராது. நகரத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் கிடைத்த அந்தப் பள்ளிக்கூடத்தைத் தேடி இன்றைய இளையவர் கோரமண்டல் தீபகற்பத்துக்கோ, எட்டு மணி நேரம் காரோட்டித் தெற்கே தாரருவா மலைக்கோ போக வேண்டியிருக்கிறது. கார் இல்லாத மாணவர் போவதில்லை. 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் சரிவுகளை உருட்டிப் பீஹா, கரேகரே, முரிவாய் ஆகிய கடலோர ஊர்கள் பக்கம் பெருஞ்சேதம் செய்தபின், திறந்திருந்த தடங்களிலும் சில மறுபடி மூடின.

பழைய மாதிரி நடப்பவர்கள் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. வைட்டாக்கரேயின் கேஸ்கேட் பக்கம் 2002-இல் தொடங்கிய ‘ஆர்க் இன் த பார்க்’ என்ற தன்னார்வத் திட்டத்தில், எலிக்கும் மரநாய்க்கும் வைத்த பொறிகளைப் பார்க்க ஆட்கள் இன்றும் படியும் பலகையும் இல்லாத சரிவுகளில் ஏறுகிறார்கள். இங்கே அழிந்துபோயிருந்த கோகாகோ பறவை 2009-இல் அந்தக் காட்டுக்குள் மறுபடி விடப்பட்டது. அந்த வேலைக்கு மேலும் ஆட்கள் வேண்டும். முழங்கால் சேற்றில் நடந்து பழகிய கால்கள் ஆக்லாந்தில் இன்னும் நிறைய இருக்கின்றன. காலணியைத் தேய்த்துக் கழுவும் பொறுமை மட்டும் இருந்தால் அவை அங்கே பயன்படும்.