உத்தண்டி தாண்டினா ஒரு சட்டம்

நம்ம காலேஜ்ல பெண் தொழில்முனைவோர்னு பேச்சு வந்தா உடனே ஆப், ஃபண்டிங், பிட்ச் டெக்தான். கோவளத்துல படகு கரை சேரும்போது ஏலத்துல மீன் எடுத்து விக்கிற அக்காக்களை யாரும் அந்த லிஸ்ட்ல சேர்க்கிறதில்லை. கைக்காசோ வட்டிக்காசோ போட்டு எடுத்த மீனை வெயில் ஏறுறதுக்குள்ள வித்தாகணும். மிச்சமானா நஷ்டம் அவங்களுக்குத்தான். இதைவிட ரிஸ்க் உள்ள பிசினஸ் எது?

சரி, சட்டம் இவங்களுக்கு என்ன தருது? தெருவோர வியாபாரமும் அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழில் உரிமைக்குள்ள வரும்னு உச்ச நீதிமன்றம் 1989-லயே சோதன் சிங் வழக்கில் சொல்லிடுச்சு. 2014-ல் தெருவோர வியாபாரிகளுக்குத் தனிச் சட்டமே வந்தது. அதன்படி கணக்கெடுப்பு முடிச்சு, எல்லாருக்கும் விற்பனைச் சான்றிதழ் தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதுக்கப்புறமும் 30 நாள் நோட்டீஸ் தரணும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் இருக்கணும், அவங்கள்ல மூணில் ஒரு பங்கு பெண்கள். எனக்குப் பிடிச்ச பிரிவு வேற: பறிமுதல் செஞ்சது அழுகும் பொருளா இருந்தா, கட்டணம் கட்டிக் கேட்ட அன்னைக்கே திருப்பித் தரணும். மறுநாள் தந்தா அது மீனா, நாத்தமா?

இங்கதான் சிக்கல். அந்தச் சட்டம் நகர்ப்புற வியாபாரிகளுக்கு மட்டும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி வரைக்கும்தான் அது பேசுது. கோவளம் ஒரு ஊராட்சி. அதே அக்கா அதே கூடையோட ஈ.சி.ஆர்ல முட்டுக்காடு பாலம் தாண்டி உத்தண்டி வந்து உட்கார்ந்தா சென்னை மாநகராட்சி, சட்டம் கூட நிக்கும். தாம்பரத்துல உட்கார்ந்தாலும் அப்படித்தான். சொந்த ஊர்ல விக்கும்போது மட்டும் இல்லை! 2020-ல் வந்த பி.எம். ஸ்வநிதியும் (பிணை இல்லாம முதல்ல 10,000 ரூபாய் கடன்) நகர வியாபாரிகளுக்காகத்தான் ஆரம்பிச்சது.

2021-ல் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைச்சது. கூட்டம் கூடினா மீன் விக்கும், உண்மை. ஆனா 'இடத்தை கிளியர் பண்ணு'ங்கிற குரலும் கூடவே வரும். சென்னை லூப் ரோட்டுல 2023 ஏப்ரலில் போக்குவரத்து நெரிசல் வழக்கில் மீன் கடைகளை எடுத்தாங்க. நொச்சிக்குப்பம் மக்கள் ரோட்டுல இறங்கிப் போராடினாங்க. அப்புறம் அங்கேயே மாநகராட்சி மீன் அங்காடி கட்டிக் கொடுத்தது. சட்டம் இருக்குற நகரத்துலயே அவ்வளவு பாடு.

ஊராட்சியில் இப்போதைக்குக் கையில இருக்குறது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 – வருஷத்துக்கு ஆறு தடவை. மீன் விக்க நிலையான இடம், தண்ணீர்க் குழாய், கழிப்பறை வேணும்னு அங்க தீர்மானம் கேட்கலாம். கோவளத்துல இருந்து வர்ற ஜூனியர்ஸ் இருந்தா வீட்டுல இந்தத் தேதிகளைச் சொல்லுங்க. தீர்மானம் போட்டா நகல் ஒண்ணு கேட்டு வாங்கி வச்சுக்கச் சொல்லுங்க.