மணிக்கட்டா, தொடையா?

இருதய இரத்தக் குழாய்களில் அடைப்பு உளதா என்றறிய 'ஆஞ்சியோகிராம்' செய்ய வேண்டுமென மருத்துவர் கூறியதும், குடும்பத்தார் வினவுவன பெரும்பாலும் இரண்டே: செலவு எவ்வளவு? உயிருக்கு ஆபத்துண்டா? மூன்றாவது வினா ஒன்றும் உண்டு என்போம்: குழாயை எவ்வழியே செலுத்தப் போகிறார்கள்?

1929-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டு நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், மேலதிகாரி தடுத்தும் கேளாது, தமது இடக்கைச் சிரையில் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி இருதயம் வரை தள்ளினார். அக்குழாயுடனேயே எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று படமும் எடுத்துக் கொண்டார்! 1956-இல் நோபல் பரிசு அவரையும் வேறிருவரையும் அடைந்தது. ஆகவே, கைவழியே தொடக்க வழி. பின்னர் 1960-களின் இறுதியிலிருந்து தொடைத் தமனியே இராஜபாட்டையாயிற்று. அது பருத்தது, ஊசியேற்ற எளிது.

ஆனால் அத்தமனி ஆழத்தில் உள்ளது. ஊசியிட்ட துளை சரிவர மூடாவிடில், இரத்தம் வெளியே தெரியாமலே அடிவயிற்றின் பின்புறம் தேங்கக்கூடும். சிகிச்சைக்குப்பின் காலை மடக்காது பல மணிநேரம் மல்லாந்து கிடக்கவும் வேண்டும். முதுகுவலியுள்ள முதியோருக்கு, சிறுநீர் கழிக்கவும் பிறர் துணை நாட வேண்டிய அந்நேரம் சிறு துன்பமன்று.

1989-இல் கனடாவின் மாண்ட்ரியாலில் லூசியன் கம்போ, நாடி பார்க்கும் மணிக்கட்டுத் தமனி வழியே இப்பரிசோதனையைச் செய்து காட்டினார். அத்தமனி தோலை ஒட்டி எலும்பின்மேல் கிடப்பதால், அழுத்தினால் இரத்தம் நின்றுவிடும். கைக்கு இரத்தம் தர மற்றொரு தமனியும் உண்டு. நோயாளி விரைவிலேயே எழுந்தமர்ந்து உண்ணலாம். மாரடைப்பு முதலிய அவசர நிலையிலிருந்த 8,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்து, 2015-இல் வெளியான 'மேட்ரிக்ஸ்' ஆய்வில், மணிக்கட்டு வழியில் இரத்தக்கசிவும் இறப்பும் குறைந்திருந்தன. 2021-இன் அமெரிக்க நெறிமுறையும் இவ்வழிக்கே முதலிடம் தந்தது.

அப்படியாயின் தொடை வழியைத் தள்ளிவிடலாமா? கூடாது. மணிக்கட்டுத் தமனி சிலருக்கு மிகச் சிறிது. இறுகிக் கொள்ளும், வளைந்தும் செல்லும். பெரிய கருவிகள் அதில் நுழையா. சிறுநீரகம் பழுதுற்றோருக்குப் பின்னாளில் டயாலிசிஸுக்கு அக்கை தேவைப்படலாம். பைபாஸ் செய்து கொண்டோருக்கு, புதுக்குழாய் அமைந்த இடத்தைப் பொறுத்து இடக்கையோ தொடையோ பொருந்தலாம். மருத்துவரின் கைப்பழக்கமும் பெரிது. தேர்ந்தவர் தொடை வழியைத் தெரிந்தால், கைவழியே வேண்டுமெனப் பிடிவாதம் செய்வது தகாது என்றே நாம் எண்ணுகிறோம்.

ஆதலின் முன்கூட்டியே சிறுநீரக நோய், பழைய அறுவை, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை ஆகியவற்றை மறையாது சொல்லுங்கள். வீடு திரும்பியபின் ஊசியிட்ட கை வீங்கினாலோ, விரல் குளிர்ந்து மரத்தாலோ, தொடை வழியாயின் இடுப்பிலும் முதுகிலும் வலி எழுந்தாலோ, விடியட்டும் என்று காத்திராதீர்கள். இரத்தம் கசிந்தால் அவ்விடத்தை விரலால் அழுத்திப் பிடித்தவாறே மருத்துவமனைக்கு விரையுங்கள்.