வண்டியைத் தூக்கலாமா?

மும்பையில் ஜூன் மாதம் மழை தொடங்கும். மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தண்ணீர் தேங்கும். தாராவிச் சந்துகளில் சாக்கடை மூடிகள் மேடாக நிற்கும். வேகத்தடைகளுக்கும் குறைவில்லை. சுமை ஏற்றிய பிக்கப் வண்டி அவற்றின் மேல் ஏறி இறங்கும்போது அடியில் 'டொங்' என்று தட்டும்.

அப்போது ஓட்டுநருக்கு ஓர் எண்ணம் வரும். வண்டியை நாலு அங்குலம் தூக்கிவிட்டால் என்ன?

தாராவி ஓட்டுநர் ஒருவர் இந்த எண்ணத்தோடு செம்பூரில் உள்ள மெக்கானிக்கிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவருமே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள்.

"அண்ணாச்சி, பின்னால ரெண்டு பட்டை கூடப் போடுங்க. பெரிய ஷாக்காவும் மாட்டுங்க. வண்டி தூக்கி நிக்கணும்."

"பட்டை சரி தம்பி. ஷாக் எதுக்கு?"

"அதுதானே அண்ணாச்சி வண்டியத் தாங்குது?"

மெக்கானிக் சிரிக்கிறார். பல ஓட்டுநர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பிக்கப் வண்டியின் பின்பக்கம் பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங்தான் இருக்கும். மும்பையில் இதைப் பாட்டா என்றும் கமானி என்றும் சொல்வார்கள். நீளமான பட்டை மேலே இருக்கும். அதன் கீழே ஒன்றைவிட ஒன்று குட்டையாகப் பட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். நல்ல எஃகினால் செய்தவை இவை. பழைய லாரிப் பட்டையில் அரிவாள் அடிப்பது நம் ஊர்க் கொல்லர்களுக்குத் தெரிந்த வேலைதான்.

அழுத்தினால் ஸ்பிரிங் வளையும். விட்டால் நிமிரும். ஆனால் நிமிர்ந்ததோடு நிற்காது. மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை.

ஷாக்கின் உள்ளே எண்ணெய் இருக்கிறது. சின்னச் சின்ன ஓட்டைகள் உள்ள பிஸ்டன் ஒன்று அந்த எண்ணெயில் மேலும் கீழும் போய் வருகிறது. வாளித் தண்ணீரில் கையை மெதுவாக அசைத்துப் பாருங்கள். எளிதாகப் போகும். வேகமாக அசைத்தால் தண்ணீர் தடுக்கும். ஷாக்கும் அப்படித்தான். வேகமான ஆட்டத்தைத் தடுக்கும். நிற்கும் வண்டியின் எடையைத் தாங்காது. ஆட்டத்தை அடக்கும்போது எண்ணெய் சூடாகும். மோசமான சாலையில் ஓடிவந்த பிறகு ஒரு பக்க ஷாக் சூடாகவும் மறுபக்க ஷாக் குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படலாம்.

ஆக, வண்டியைத் தூக்குவது ஸ்பிரிங். ஷாக் அதற்குத் துணை.

மெக்கானிக் இன்னும் ஸ்பேனரைத் தொடவில்லை. டேப்பை எடுக்கிறார். வண்டி காலியாக, சமதரையில் நிற்கிறது. பின் சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே பாடியின் விளிம்பு வரை அளக்கிறார். வலது பக்கத்தைவிட இடது பக்கம் ஒன்றரை அங்குலம் குறைவு. குனிந்து பார்க்கிறார். இடது பக்கத்தில் இரண்டாவது பட்டை முறிந்திருக்கிறது. ஷாக்கின் மேல் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருக்கிறது.

"வண்டிய அப்புறம் தூக்கலாம் தம்பி. இறங்கினது ஏன்னு முதல்ல பாரு."

இதுதான் முதல் படி. பட்டை முறிந்தால் வண்டி தாழும். பல வருடம் சுமை தாங்கிய பட்டை வளைவை இழந்து தட்டையாகிவிடும். அப்போதும் வண்டி தாழும். நாம் புதிதாகத் தேடும் உயரத்தில் பாதி, ஏற்கெனவே இருந்து போன உயரமாக இருக்கலாம்.

தட்டையான பட்டையை நெருப்பில் காட்டி அடித்து வளைத்துத் தருபவர்கள் உண்டு. செலவு குறைவு. ஆனால் சூடு காட்டிய எஃகை முறைப்படி மறுபடியும் பதப்படுத்த வேண்டும். செய்யாவிட்டால் எஃகு இளகிப்போகும். சீக்கிரமே பட்டை திரும்பவும் படுத்துவிடும்.

சரி, புதுப் பட்டை போடுவது என்றால் எதைப் போடுவது? அதற்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும். தினமும் என்ன ஏற்றுகிறீர்கள்?

தாராவியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கும்பார்வாடாவிலிருந்து மண்பானை ஏற்றுகிறார். இன்னொருவர் பழைய பிளாஸ்டிக் மூட்டை ஏற்றுகிறார். மூன்றாமவர் பழைய இரும்பு ஏற்றுகிறார். மூன்று பேருக்கும் ஒரே ஸ்பிரிங் பொருந்தாது. பானைக்காரர் விறைப்பான பட்டை போட்டால் ஒவ்வொரு குழியிலும் வண்டி துள்ளும். போய்ச் சேரும்போது எத்தனை பானை உடைந்திருக்கும்? பிளாஸ்டிக்குக்கு எடை குறைவு, உயரம் அதிகம். அந்த வண்டியை இன்னும் தூக்கினால் வளைவில் சாயப் பார்க்கும். இரும்புக்காரருக்கு மட்டுமே விறைப்பான ஸ்பிரிங் உதவும். அவருக்கும் திரும்பி வரும்போது வண்டி காலிதான். காலி வண்டியில் விறைப்பான ஸ்பிரிங் இருந்தால் பின் சக்கரம் தரையில் சரியாகப் படியாது. மழை நாளில் பிரேக் போட்டால் வழுக்கும்.

பட்டையின் கனத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. நீளமும் அகலமும் மாறாமல் கனம் மட்டும் இரண்டு மடங்கானால், விறைப்பு எட்டு மடங்காகும். அதனால் "கொஞ்சம் தடிப்பா ஒண்ணு" என்று கடையில் கேட்பது கொஞ்சமான விஷயம் அல்ல. ஒரே ஒரு தடித்த பட்டையைச் செருகினால் சுமை அதன் மேலேயே விழும். அது சீக்கிரம் முறியும்.

இனி, தூக்கிய வண்டியில் என்னென்ன மாறும் என்று பார்ப்போம்.

பழைய ஷாக்கின் நீளம் போதாது. குழியில் சக்கரம் இறங்கும்போது ஷாக் முழுதும் நீண்டு, பிய்ந்துபோகும். பிரேக் குழாயும் இழுபடும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு மாறும். வண்டி அதிரும். மூட்டில் உள்ள கிராஸ் தேயும்.

பிரேக்கில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. சில பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பி இருக்கும். அது பிரேக் வால்வோடு சேர்ந்தது. சுமை ஏறினால் சேஸிஸ் தாழும். உடனே வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டியைத் தூக்கிவிட்டால் சுமை ஏறினாலும் சேஸிஸ் போதிய அளவு தாழாது. வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் குறைவாகவே பிடிக்கும். நிறைய சுமையோடு செம்பூர் மேம்பாலத்தில் இறங்கும்போது இது நடந்தால் என்ன ஆகும்?

வண்டியின் மொத்த உயரமும் கூடும். கிங்ஸ் சர்க்கிள் ரயில் பாலத்தின் அடியில் உயரமான லாரிகள் பல முறை சிக்கியிருக்கின்றன.

தேங்கும் தண்ணீருக்கு இது உதவுமா? ஓரளவுதான். ஸ்பிரிங்கை மாற்றினால் பாடியும் இன்ஜினும் உயரும். அச்சு உயராது. அச்சு சக்கரத்தோடு இருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை பெய்தது. அந்த மாதிரி நாளில் எந்த ஸ்பிரிங்கும் உதவாது.

சிலர் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்துத் தூக்குகிறார்கள். முன்பக்கம் இதைச் செய்யவே கூடாது. பின்பக்கமும் கட்டை மேல் கட்டை அடுக்கக் கூடாது. பிரேக் போடும்போது அச்சு முறுக்கும். கட்டை நழுவினால் அச்சே விலகிவிடும்.

"பட்டை கூடப் போட்டா கூடுதலா ஏத்தலாமே அண்ணாச்சி?"

முடியாது. எவ்வளவு ஏற்றலாம் என்பது ஆர்.சி.யில் எழுதியிருக்கிறது. அச்சு, டயர், பிரேக், சேஸிஸ் எல்லாவற்றையும் பார்த்துத்தான் அந்த அளவை எழுதுகிறார்கள். பட்டை கூடினால் வண்டி தாழ்வது வெளியே தெரியாது. டயருக்கும் அச்சுக்கும் பாரம் தெரியும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் சேரும். அதே சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. ஆகவே உயரத்தை மாற்றும் எண்ணம் இருந்தால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்க வேண்டும். விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதைக் கேட்கும்.

நம் ஓட்டுநர் யோசிக்கிறார். அவர் ஏற்றுவது மண்பானை.

கடைசியில் இரண்டு பக்கமும் கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங் போடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் வண்டி சாயும். ஷாக்கும் ஜோடியாகவே மாறுகிறது. பழைய யு போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது மாட்டுகிறார்கள். ஒருமுறை இறுக்கிய யு போல்ட் இழுபட்டிருக்கும். அதைத் திரும்பப் போடக் கூடாது. மெக்கானிக் மறுபடியும் டேப்பைப் பிடிக்கிறார். இரண்டு பக்கமும் சமம். தொலைந்த ஒன்றரை அங்குலம் திரும்பி வந்திருக்கிறது.

"நாலஞ்சு நாள் லோடு ஏத்திட்டு ஒருதரம் வா தம்பி. யு போல்ட்ட திரும்ப இறுக்கணும். புதுப் பட்டை அமுங்கி உக்காரும்போது அது தளரும். மறந்துராத."