கவனம் சிதறும் குதிரை



எண்ணெய் நிரப்பிய பெரிய இரும்புப் பீப்பாயை நம் தோட்டங்களில் காணாதவர் இலர். அத்தகைய பீப்பாய்கள் மூன்றைத் திடலில் முக்கோணமாக நிறுத்தி, அவற்றைச் சுற்றிக் குதிரையை விரைந்தோட்டும் பந்தயம் ஒன்று அமெரிக்க நாட்டில் பெரும்புகழ் பெற்றது. முதலிரண்டு பீப்பாய்களுக்கும் இடையே 90 அடி. அவ்விரண்டிலிருந்தும் மூன்றாவது பீப்பாய்க்கு 105 அடி. மூன்றையும் சுற்றி வந்த குதிரையின் தடம் வில்வத்தின் மூவிலைபோல் காட்சி தரும். தேர்ந்த குதிரை இதனை ஏறத்தாழ 17 விநாடிகளில் முடித்துவிடும். பீப்பாய் ஒன்று சாய்ந்தால் 5 விநாடிகள் தண்டமாகக் கூட்டப்படும். எனவே, கண நேரக் கவனச் சிதறலும் வெற்றியைப் பறித்துவிடும்.

சில மாதங்கள் ஓய்விலிருந்த குதிரையை மீண்டும் இப்பயிற்சிக்குக் கொண்டுவருவது எளிதன்று. அது வேலிக்கு அப்பால் நோக்கும். தன் துணைக்குதிரையை அழைத்துக் கனைக்கும். காற்றில் பறக்கும் தாளைக் கண்டு மிரளும். இதனைப் பிடிவாதம் என்றெண்ணிச் சாட்டையை எடுப்பாரும் உளர்.

குதிரையின் இயல்பை அறிந்தோர் அவ்வாறு செய்யார். அது கூட்டமாக வாழ்ந்து, கொடிய விலங்குகளுக்குத் தப்பி ஓடிப் பிழைத்த இனம். கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னும் உடலுக்கு நேர் பின்னும் உள்ள சிறு பகுதிகள் நீங்கலாக ஏறக்குறைய எல்லாத் திசைகளும் அதற்குத் தெரியும். காதுகள் தனித்தனியே திரும்ப வல்லவை. நாம் கவனக் குறைவு என்று கூறுவது, அதனைப் பொறுத்தவரை உயிர்காக்கும் விழிப்பேயாகும். பீப்பாய் அருகே அடிபட்ட குதிரை, பீப்பாயையே துன்பமாகக் கொள்ளும். பின்னர்த் திடலின் வாயிலிலேயே நின்று முரண்டு பிடிக்கும்.

ஆகவே, நல்ல பயிற்சியாளர் முதலில் உடலைச் சோதிப்பார். பல்லில் வலி உண்டா, சேணம் முதுகை உறுத்துகிறதா, குளம்பில் புண் உளதா என்று பார்ப்பார். அடுத்து, பீப்பாய்களே இல்லாத இடத்தில் நடத்துவார், நிறுத்துவார், வலமும் இடமும் திருப்புவார். குதிரையின் காது தம் பக்கம் திரும்பிய அக்கணமே கடிவாள வாரைத் தளர்த்துவார். அத்தளர்வே அதற்குப் பரிசு. பின்பு மூன்று பீப்பாய்களையும் நடையிலே சுற்றச் செய்வார், பல நாள் சென்றபின் சிறு ஓட்டம், இறுதியிலேதான் பாய்ச்சல். மூச்சுத்திறன் விரைவில் மீளும்; தசைநாணும் எலும்பும் வலுப்பெற நெடுநாள் ஆகும். அவசரப்படுவோர் குதிரையை நொண்டியாக்கி விடுவர். ஒவ்வொரு நாளும் பயிற்சி குறுகியதாகவும், குதிரை செம்மையாகச் செய்த வேளையில் முடிவதாகவும் இருத்தல் வேண்டும்.

பயிற்சி தருபவரின் மனநிலையும் இன்றியமையாதது. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வொன்றில், குதிரைகளை ஒரே வழியில் நான்கு முறை நடத்திச் செல்லுமாறும் ஓட்டிச் செல்லுமாறும் சிலரைப் பணித்தனர். நான்காம் முறை குடையொன்று திடீரென விரிக்கப்படும் என்று அவர்களிடம் கூறினர். குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும், மனிதரின் நெஞ்சத் துடிப்பு மிகுந்ததோடு, ஒன்றும் அறியாத குதிரையின் துடிப்பும் மிகுந்தது. நம் அச்சம் அதற்கும் தொற்றிக்கொள்கிறது!

பொறுமை என்ன பயன் தரும்? சார்மெய்ன் ஜேம்ஸ் என்னும் இளம்பெண் வளர்த்த ஸ்கேம்பர் என்ற குதிரை, ஏறியவரைக் கீழே தள்ளும் என்று பெயரெடுத்திருந்தது. அக்குதிரையோடு அவர் 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து முறை உலகப் பட்டம் வென்றார். 1985ஆம் ஆண்டு இறுதிப் போட்டியின் ஒரு சுற்றில் கடிவாளம் கழன்றுவிட்டது. ஆயினும் ஸ்கேம்பர் மூன்று பீப்பாய்களையும் தவறாது சுற்றி அச்சுற்றையும் வென்றது. அடித்துப் பழக்கிய குதிரையாயின், கட்டு அவிழ்ந்தவுடன் ஓடி மறைந்திருக்கும் அன்றோ?

பெற்றோர்களே! 2020ஆம் ஆண்டு மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது பள்ளிகள் மூடப்பட்டன. நெடுநாள் கழித்து வகுப்புக்குத் திரும்பிய பிள்ளைகள் பலர், எழுத்தை மறந்தும் இருக்கையில் நிலைகொள்ளாமலும் தவித்தனர். ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்குப் பின்னும் அந்நிலை சிறிதளவேனும் தோன்றவே செய்கிறது. பிள்ளையைச் 'சோம்பேறி' என்று ஏசுமுன், கண் பார்வை தெளிவா, காது நன்கு கேட்கிறதா, காலையில் உண்டானா என்று பாருங்கள். முதல் வாரத்தில், வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்ந்த வேளையில், பத்து நிமிடம் அருகமர்ந்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். மறுவாரம் சற்றே கூட்டுங்கள். அவன் நன்றாக வாசித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். வேலைக்களைப்பில் சினம் மேலிட்டால், அன்று பாடத்தை விடுத்துக் கதை பேசுங்கள்.

மாணவர்களே! மனம் அலைந்தால் அஞ்சாதீர்கள். முதல் எழுத்திலிருந்து மெல்ல நடக்கத் தொடங்குங்கள்; பாய்ச்சல் தானே வரும்.