சுத்துற எடையும் சும்மா இருக்கிற எடையும்: ஒரு செயின் கிட் கணக்கு

போன மாதம் நண்பர் ஒருத்தர் வாட்ஸப்பில் ஒரு கொட்டேஷன் அனுப்பினார். அவருடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய ஆயிரம் சிசி வண்டி. செயின் தேய்ந்துவிட்டது. கம்பெனி போட்டிருந்த 530 செயினுக்குப் பதிலா 520 செயின், பின்னாடி இரும்புக்குப் பதிலா அலுமினிய ஸ்ப்ராக்கெட், முன்னாடி ஒரு பல் கம்மி. தொகை அவர் வீட்டு வாடகையைத் தாண்டியது. கீழே ஒரு கேள்வி: "சுத்துற எடை ஒரு கிலோ குறைஞ்சா சும்மா இருக்கிற எடை பத்து கிலோ குறைஞ்ச மாதிரியாம். உண்மையா? போடலாமா?"

இந்தப் 'பத்து கிலோ' கதையை நானும் பல கடைகளில் கேட்டிருக்கேன். யாரும் கணக்குப் போட்டுக் காட்டினதில்லை. பிளஸ் டூ இயற்பியல் போதும், போட்டுப் பார்த்துடலாம்.

முதலில் அந்த எண்கள். முதல் இலக்கம், செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம், 1/8 அங்குலக் கணக்கில். 5 என்றால் 5/8 அங்குலம், அதாவது 15.875 மி.மீ. அடுத்த ரெண்டு இலக்கம் உள் அகலம். 30 என்றால் 3/8 அங்குலம், 20 என்றால் 2/8, அதாவது கால் அங்குலம். ஆக 530-இலிருந்து 520-க்குப் போவது என்றால் நீளக் கணக்கு மாறாது, அகலம் மட்டும் குறையும். அகலம் மாறுவதால் செயினை மட்டும் மாற்ற முடியாது. முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயின் மூணையும் சேர்த்துத்தான் மாற்றணும்.

எடை எவ்வளவு குறையும்? அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூணில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல. ஒரு கிலோ இரும்பு ஸ்ப்ராக்கெட்டை அதே அளவில் அலுமினியத்தில் செய்தால் 360 கிராம் வரும். செயினில் ஒரு அரைக் கிலோ. எல்லாம் சேர்த்து 1.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

இப்போ முக்கியமான கேள்வி. சுற்றும் பாகத்துக்கு ரெண்டு வேலை. வண்டியோடு முன்னால் போகணும், தன்னைத்தானே சுத்திக்கவும் செய்யணும். இந்த ரெண்டாவது வேலைக்கான கூடுதல் சுமை, அந்த எடை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தது. டயரின் வெளி விளிம்பு, வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் சுற்றுகிறது. அதனால் அங்கே ஒரு கிலோ, ரெண்டு கிலோவுக்குச் சமம். இது நிஜம்.

ஆனா ஸ்ப்ராக்கெட் சின்னது. 45 பல் ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் 11.4 செ.மீ. டயரோடு சேர்த்துப் பின் சக்கரத்தின் ஆரம் சுமார் 31.5 செ.மீ. வகுத்தால் 0.36. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் போவதால் அதை வர்க்கப்படுத்தணும்: 0.13. அதாவது ஸ்ப்ராக்கெட்டின் எடை முழுக்கப் பல் விளிம்பிலேயே இருந்தாலும் ஒரு கிலோ, 1.13 கிலோவுக்குத்தான் சமம். செயினும் அதே வேகத்தில்தான் ஓடுகிறது, அதுக்கும் அதே 1.13. பத்து எங்கே, 1.13 எங்கே!

ஆக நண்பருக்குக் கிடைக்கும் லாபம் 1.35 கிலோ. வண்டியும் அவரும் சேர்ந்து 280 கிலோ. அரை சதவீதம்கூட முழுசா வரலை. டேங்கில் ரெண்டு லிட்டர் பெட்ரோல் கம்மியா போட்டாலே இந்தப் பலன் வந்துடும்.

அப்போ கிட் போட்டவங்க எல்லாரும் "வண்டி பறக்குது" என்கிறார்களே, பொய்யா? இல்லை. கொட்டேஷனில் இருந்த அந்த 'முன்னாடி ஒரு பல் கம்மி'யைப் பாருங்க. 17 பல் 16 ஆனால் பின் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை 6 சதவீதம் கூடும். எடையால் வந்ததைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல. பறப்பது பல் கணக்கால், பேர் வாங்குவது அலுமினியம். வேகம் பார்க்கும் சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற வண்டியில் ஸ்பீடாமீட்டரும் 6 சதவீதம் கூடுதலாகக் காட்டும். பறக்கிற உணர்வுக்கு அதுவும் ஒரு காரணம்.

பத்து கிலோ கதைக்கும் ஒரு மூலம் உண்டு. அது இன்ஜின் பக்கம். ஒரு 100 சிசி வண்டியில் முதல் கியரில் பின் சக்கரம் ஒரு சுத்து சுத்த, கிராங்க் ஏறக்குறைய 30 சுத்து சுத்தணும். 5 செ.மீ. ஆரத்தில் அங்கே ஒரு கிலோ இருந்தால், 30 செ.மீ. சக்கரத்தில் அது 25 கிலோ கூடுதல் சுமை. டாப் கியரில் மூணு கிலோவுக்குள் அடங்கிடும். அப்போ ஃப்ளைவீலையோ மேக்னெட்டையோ லேத்தில் கடைஞ்சுடலாமா? வேண்டாம். ஒரு சிலிண்டர் வண்டியில் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் வெடிப்பு. மீதி நேரம் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டு போவது அந்தக் கனம்தான். அது குறைந்தால் டிராஃபிக்கில் வண்டி திணறும், அணையும். கடைஞ்சதில் பேலன்ஸ் தப்பினாலோ பலம் குறைந்தாலோ, அதிக வேகத்தில் அது சிதறவும் கூடும்.

இலேசான கிட்டுக்கும் விலை உண்டு. அலுமினியப் பல் இரும்பைவிடச் சீக்கிரம் தேயும். மண்ணும் மழைத்தண்ணியும் செயின் எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரிதான் வேலை செய்யும். பல் கொக்கி மாதிரி வளைந்த ஸ்ப்ராக்கெட்டில் செயின் குதிக்கும். 520 என்றாலே பலவீனம் என்பதும் தப்பு. இழுவைத் தாங்குவது பின்னும் பக்கத் தகடும்தான், நல்ல தரமான 520 சாதாரண 530-க்குக் குறையாது. ஆனா அகலம் குறைவதால் பின்னும் புஷ்ஷும் உரசும் பரப்பு குறையும், தேய்மானம் கூடும். விலை பார்த்து மட்டமான 520 போடுவதுதான் ஆபத்து. அறுந்த செயின் இன்ஜின் கேஸை உடைக்கலாம், பின் சக்கரத்தையே பூட்டிவிடலாம். பெரிய வண்டிக்குக் கிளிப் லாக் வேண்டாம், ரிவெட் லாக்தான்.

அப்போ ரேஸ்காரங்க ஏன் போடறாங்க? இருங்காட்டுக்கோட்டை மாதிரி டிராக்கில் நூறில் ஒரு பங்கு செகண்டும் கணக்கு. ஸ்ப்ராக்கெட் சஸ்பென்ஷனுக்குக் கீழே இருக்கிற எடை, அது குறைந்தால் சக்கரம் மேடுபள்ளத்தில் தரையை விடாமல் ஓடும். தேய்ந்தால் அடுத்த ரேஸுக்கு மாற்றிவிடுவார்கள். நண்பர் அந்தச் செயினை நம்பி வருஷக்கணக்கில் வேலைக்குப் போய் வரணும்.

கணக்கை அனுப்பினேன். ரெண்டு நாள் பதிலே இல்லை. அப்புறம் ஒரு போட்டோ வந்தது: புது 530 செயின், பின்னாடி இரும்பு, முன்னாடி 16 பல். கூடவே, "மிச்சப் பணத்துல ரெண்டு டயரும் மாத்திட்டேன். பழசு வழுக்கையா இருந்துச்சு."